இரண்டு பக்கமும் இழுக்கும் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அமரர் ஊர்தி வந்து நின்றது. முன்சக்கரங்களின் பிரேக் பேட் இரண்டு பக்கமும் தேய்ந்து, இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருந்தன. பேடை அழுத்திப் பிடிக்கும் இடது காலிப்பரில் ஆயில் கசிவு வேறு. அரை நாள் வேலை. முழு நாள் ஆக்கினார்கள்.

ஹாஜா பாய் பட்டறையில் இந்த வண்டிக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. கூரைக்குக் கீழே விடக் கூடாது. மற்ற வண்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்களாம். பக்கத்தில் பூவரச மரத்தடியில்தான் நிறுத்த வேண்டும். அங்கே மண் தரை. ஜாக்கி புதைகிறது. பலகை வைத்துத் தூக்கினேன்.

காலிப்பர் சீல் மாற்றினால் பிரேக் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, ஒருவர் கீழே கிடந்து காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட. பட்டறையின் மூத்த மெக்கானிக் துரைக்கண்ணு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"டேய் டிப்ளமா, நாளன்னிக்கு என் தங்கச்சிக்கு வளைகாப்பு. அந்த சீட்ல நான் போய் உக்காரணுமா?"

"பொணம் பின்னாடிதானே வைக்கிறாங்க? இது டிரைவர் சீட்டுண்ணே."

"அப்ப நீயே உக்காரு."

"நான் உக்காந்தா கீழ யாரு பாக்கிறது?"

"அத உன் படிப்பக் கேளு."

டிரைவர் அடைக்கலராஜ் சாப்பிடப் போயிருந்தார். அரை மணி நேரம் பொறுத்திருந்தால் அவரையே மிதிக்கச் சொல்லியிருக்கலாம். பொறுக்கவில்லை. தனியாளாகவே முடித்தேன். எப்படி என்பது முக்கியமில்லை. முடிந்தது.

பெட்ரோல் பங்க் வரை ஓட்டிப் பார்த்தேன். எதிரே ஸ்கூட்டரில் வந்த அம்மா ஓரமாக நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே ஆளே இல்லை அம்மா. திரும்பி வந்து ஜாப் கார்டில் 'சோதனை ஓட்டம்: சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு இந்த நம்பிக்கைகள் எதுவும் கிடையாது. வீட்டுக்குப் போனதும் தலைக்குக் குளித்தேன். வெயில் அப்படி.

ஜூன் 5, வியாழன்

அடைக்கலராஜ் வந்தார். அமரர் ஊர்தியை நடத்தும் அறக்கட்டளைக்கு நாலைந்து வருடமாக வண்டி ஓட்டுகிறவர். வயது ஐம்பதுக்குள். அதிகம் பேச மாட்டார். இன்று பேசினார்.

"தம்பி நவநீதா, வண்டி இழுக்குதுப்பா."

"எந்தப் பக்கம்?"

"பிரேக் போட்டா ரைட்டுல போகுது. காலை எடுத்துட்டா லெஃப்டுல இழுக்குது."

"அண்ணே, ஏதாவது ஒரு பக்கம் சொல்லுங்க."

"ரெண்டு பக்கமுந்தான். எப்பவும் இல்ல. ஊருக்குள்ள உருட்டுறப்ப ஒண்ணுமே தெரியல. தஞ்சாவூர் ரோட்டுல வேகமாப் போயி நாலஞ்சு வாட்டி அழுத்திப் போட்டாத்தான் வருது."

லாரிக்கு அடியிலிருந்து துரைக்கண்ணு அண்ணன் குரல் மட்டும் வந்தது. "பின்னாடி ஏறுனவங்களக் கேளுங்கண்ணே. மூத்த மவன் வீட்டுக்குப் போறதா, இளைய மவன் வீட்டுக்குப் போறதான்னு கொழப்பமா இருக்கும்."

பட்டறையே சிரித்தது. அடைக்கலராஜ் சிரிக்கவில்லை.

சாலையின் நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கும், அதனால் எந்த வண்டியும் கொஞ்சம் இடப்பக்கம் சாயத்தான் செய்யும் என்று அட்டையில் படம் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் பார்த்தார்.

"படம் நல்லாருக்கு. வண்டி இழுக்குது."

டயரில் காற்றைச் சரிபார்த்து அனுப்பிவிட்டேன். ஒரு வண்டி ஒரே பிரேக்கில் இரண்டு பக்கமும் இழுக்காது. பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்திருக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

துணி துவைத்தேன். தூங்கினேன். எழுந்தேன். மறுபடி தூங்கினேன்.

ஜூன் 9, திங்கள்

காலை பத்தரைக்கு பாய் என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஒரத்தநாட்டுப் பக்கம் போனார். அமரர் ஊர்தி எதிர்ப்பக்கம் ஏறிப் பாலத்துக் கட்டைச் சுவரில் முட்டி நின்றது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வயதான அம்மாளின் உடலை ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். கூடவே இரண்டு மகன்கள். குறுக்கே ஆட்டு மந்தை வந்திருக்கிறது. பிரேக் போட்டதும் வண்டி வலப்பக்கம் பாய்ந்திருக்கிறது. பெரிய மகனுக்கு மணிக்கட்டு முறிவு. அதை யாரும் பேசவில்லை. உடல் தட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்துவிட்டது. அதைத்தான் பேசினார்கள். நாங்கள் போனபோது உடலை வேறு வண்டிக்கு மாற்றியிருந்தார்கள். சின்ன மகன் கத்திக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவத் தரையில உருட்டிட்டான்யா! செத்தும் அடிபடணுமா அவ?"

அடைக்கலராஜ் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் ரத்தம். துடைக்கவில்லை. அறக்கட்டளைச் செயலாளர் தனக்கோடி சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எனக்கு முன்பே வந்திருந்தார்.

"பிரேக் நீங்கதானே தம்பி பாத்தீங்க?"

"ஆமா சார். எல்லாம் சரியா இருந்துச்சு. கார்டுல எழுதியிருக்கேன்."

"அப்புறம் எப்படி இது?"

அடைக்கலராஜ் அங்கிருந்தே சொன்னார். "பிரேக் போட்டேன் சார், ரைட்டுல பாஞ்சுச்சு. காலை எடுத்தேன், லெஃப்டுல இழுத்துச்சு. மறுபடி போட்டேன், மறுபடி ரைட்டுல..."

கூட்டத்தில் யாரோ, "அவனுக்கு ரோடே ரெண்டாத் தெரிஞ்சிருக்குய்யா" என்றார்கள். 'ஊத்திக்கிட்டு வந்திருக்கான்' என்று இன்னொரு குரல். பிண வண்டி ஓட்டுகிறவர் என்றால் குடிக்காமல் இருப்பாரா என்பது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

தனக்கோடி சார் என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்ச பிள்ளை. உள்ளதைச் சொல்லுங்க. வாசனை ஏதும் வந்துச்சா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வந்த மாதிரிதான் இருந்துச்சு சார்."

ஏதோ ஒரு வாசனை இருக்கத்தான் செய்தது. ஒவ்வொரு முறையும் வண்டியை ஸ்பிரிட் கலந்த மருந்துத் தண்ணீரில் கழுவுவார்கள். அதுவாகவும் இருக்கலாம். நான் 'மாதிரி' என்றுதான் சொன்னேன்.

போலீசுக்குச் சொல்ல வேண்டாம், அடக்கம் தாமதமாகும் என்று உறவினர்களே சொல்லிவிட்டார்கள். அதனால் யாரும் அவரை ஊதச் சொல்லவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வண்டியை இழுத்துக்கொண்டு வந்து அதே பூவரச மரத்தடியில் விட்டார்கள். முன்பக்கம் நசுங்கியிருக்கிறது, சக்கரம் வரை அடி வரவில்லை. டயர், ஸ்டியரிங் மூட்டுகள், அலைன்மென்ட் எல்லாம் பார்த்தேன். புது பேட் சீராகப் பதிந்திருக்கிறது. தூக்கிவைத்துச் சக்கரங்களைச் சுற்றினால் நான்கும் சுற்றுகின்றன. பெடல் கெட்டியாக நிற்கிறது.

வண்டியில் கோளாறு இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். முதுகு வலிக்கிறது.

ஜூன் 12, வியாழன்

அடைக்கலராஜை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

ஜூன் 14, சனி

பம்பரும் பானெட்டும் முடிந்தன. மதியச் சாப்பாட்டில் துரைக்கண்ணு அண்ணன் ஆரம்பித்தார்.

"அடைக்கலண்ணன் சம்சாரம் லூர்து மேரி, பேராவூரணியில அண்ணன் வீட்டுக்குப் போயிருச்சாம்டா. ஆறு வருஷத்துக்கு முன்னாடி வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போயி சத்தியம் வாங்குச்சு. இனிமே தொட்டா ஒரு நிமிஷம் வீட்ல இருக்க மாட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கு. சொன்னபடி செஞ்சிருச்சு."

"குடிச்சா போகத்தானே செய்வாங்க."

"குடிச்சா, சரி."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

"உன்ன என்ன கேட்டேன் இப்ப? சோத்தத் தின்னு."

குடும்ப விஷயம். என் வேலை இல்லை. மோர் புளித்திருந்தது.

சாயங்காலம் பாய் கூப்பிட்டார். "திங்கக்கிழமை வண்டி கொடுக்கணும். ஒரத்தநாடு வரைக்கும் ஓட்டிட்டு வா. பங்க் வரைக்கும் போயிட்டு கையெழுத்துப் போடாதே."

"பங்க் வரைன்னு யாரு சொன்னது?"

"பங்க்காரன்."

ஜூன் 16, திங்கள்

காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். பின்னால் காலித் தட்டு கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது. கண்ணாடியில் அதைப் பார்க்காமல் ஓட்டினேன். பார்க்க அவசியம் இல்லை.

ஊர் தாண்டும்வரை ஒன்றுமில்லை. தென்னந்தோப்புகளுக்கு நடுவில் எழுபதில் போய் அழுத்தினேன். நேராக நின்றது. மறுபடி. நேராகத்தான். மூன்றாவது தடவை வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. நாலாவது தடவை ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. எதிரே தேங்காய் லோடு டிராக்டர். காலை எடுத்தேன். உடனே இடப்பக்கம் இழுத்தது. நான் திருப்பவில்லை, அதுவாகவே இழுத்தது. ஓரத்தில் நிறுத்தினேன்.  டிராக்டர்காரர் நின்று திரும்பிப் பார்த்துக் கேட்டார், "ஏய், காலங்காத்தாலேயே போட்டுட்டியா?"

பட்டறைக்கு உருட்டிக்கொண்டே வந்தேன். பாய் வாசலில் நின்றார்.

"இழுக்குதா?"

"இழுக்குது."

"எந்தப் பக்கம்?"

"பிரேக் போட்டா ரைட்டு. விட்டா லெஃப்டு."

துரைக்கண்ணு அண்ணன் வெளியே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாய், இவனை ஊதச் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். வலது முன்சக்கரத்தைத் தொட முடிந்தது. இடது சக்கரத்தில் கை வைக்க முடியவில்லை. தூக்கினேன், இடது சக்கரம் சுற்றவில்லை. காலிப்பரில் நிப்பிளைத் தளர்த்தினேன். ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் விடுபட்டது. அப்படியென்றால் உள்ளே அழுத்தம் அடைபட்டு நிற்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. மறுபடி பெடலை மிதிக்க ஆள் வேண்டும் என்று நிமிர்ந்தேன். துரைக்கண்ணு அண்ணன் யாரும் கூப்பிடாமலே ஏறி அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன முழிக்கிறே? மிதிக்கவா?"

மிதித்தார். காலை எடுத்த பிறகும் சக்கரம் இறுகியே இருந்தது. இந்தத் தடவை காலிப்பருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸின் மேல்முனையைத் தளர்த்தினேன். மேலே அழுத்தம் இல்லை, சொட்டத்தான் செய்தது. கீழே சக்கரம் இறுகியபடியே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு முழம்கூட இல்லாத ரப்பர் ஹோஸ் மட்டும்.

கழற்றிப் பிளேடால் நெடுக்காக அறுத்தேன். உள்தோல் கிழிந்து நாக்கு மாதிரி தொங்கியது. பிரேக் போடும்போது அந்த நாக்கு ஆயிலை மெதுவாகத்தான் விடும். இடது சக்கரம் தாமதமாகப் பிடிக்கும். வண்டி வலப்பக்கம் போகும். காலை எடுத்ததும் போன ஆயிலைத் திரும்ப விடாமல் அடைத்துக்கொள்ளும். இடது சக்கரம் மட்டும் பிடித்தபடி இருக்கும். வண்டி இடப்பக்கம் போகும். அடைக்கலராஜ் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

ரப்பர் பழசு. ஏழு வருட ரப்பர் உள்ளே உரியத்தான் செய்யும்.

கிழிசலுக்கு நேராக வெளித்தோலில் எதிரெதிராக இரண்டு வரிசைப் பல் தடம் இருந்தது. கவ்விப் பூட்டும் கிரிப் பிளையரின் பல். துரைக்கண்ணு அண்ணன் அதை வாங்கிப் பார்த்தார். என் டூல்ஸ் தட்டைப் பார்த்தார். ஹோஸை என் கையிலேயே வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.

ஜூன் 17, செவ்வாய்

அறிக்கை எழுதினேன். 'இடது முன் பிரேக் ஹோஸ் உட்புறம் சிதைந்திருந்தது. புதியது பொருத்தப்பட்டது.' இரண்டு வரியும் உண்மை. அறக்கட்டளை அலுவலகத்துக்கு நானே கொண்டுபோனேன். தனக்கோடி சார் இரண்டு முறை படித்தார்.

"ஆக, வண்டியிலயும் கோளாறு இருந்திருக்கு."

"ஆமா சார். அதனாலதான் இழுத்திருக்கு. டிரைவர் மேல தப்பில்ல."

"அதெப்படி தம்பி? வண்டி கோளாறு வேற. குடிச்சிட்டு ஓட்டுனது வேற. வண்டிய மாத்தியாச்சு. குடிச்சவனை எப்படி மறுபடி ஏத்துறது? நீங்கதானே சொன்னீங்க."

டீ வந்தது. குடித்தேன். சர்க்கரை அதிகம். கிளம்பிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

கரண்ட் இல்லை. வேலையும் இல்லை. நாள் முழுக்க யாரும் என்னை டிப்ளமா என்று கூப்பிடவில்லை.

ஜூன் 19, வியாழன்

அடைக்கலராஜ் ஒரு தேங்காய் மண்டியில் மட்டை உரிக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நட்டுவைத்த கூர்க்கம்பியில் காயைக் குத்தி, மூன்று திருப்பில் மட்டை தனியாக, காய் தனியாக. பழக்கமில்லாத கை, விரல்களில் துணி சுற்றியிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"ரெண்டு பக்கமும் இழுத்துச்சா?" என்றார்.

"இழுத்துச்சுண்ணே."

"ம்."

ஹோஸைப் பற்றி விளக்கினேன். உள்தோல், நாக்கு, அடைப்பு எல்லாம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "அப்ப நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

"சரியாத்தான் சொன்னீங்க. சார்கிட்ட அறிக்கை கொடுத்திட்டேன்."

"நல்லது. வேலை போனா போவுது தம்பி. இன்னொரு வண்டி கெடைக்கும். அவ நம்பலியே." இன்னொரு காயைக் குத்தினார். "சத்தியம் பண்ணினப்ப பக்கத்துல முட்டி போட்டிருந்தவ. ஆறு வருஷம் சோறு போட்டவ. போனை எடுத்து, படிச்ச பையன் பொய் சொல்லுவானாங்கிறா."

உரித்த காயைக் குவியலில் போட்டார்.

"நீ மோந்து பாத்தியா தம்பி? நான் கட்டைச் சுவத்துல உக்காந்திருந்தேன். நீ பாய் வண்டிகிட்ட நின்னே. என் பக்கத்துலயே வரலியே நீ."

நான் பட்டறைக்கு நேரமாகிவிட்டது என்றேன். அன்று அவருக்கும் எனக்கும் நடுவில் பத்து அடி இருக்கும். பன்னிரண்டுகூட இருக்கலாம்.

ஜூன் 20, வெள்ளி

பாயிடம் சொன்னேன். மிதிக்க ஆள் வராததால், ஆயில் வடியாமலிருக்க ஹோஸைக் கிரிப் பிளையர் போட்டு நெரித்தேன். சீல் மாற்றியபின் பிளையரை எடுத்து, நிப்பிளைத் திறந்துவைத்து ஆயிலைத் தானாக இறங்கவிட்டுக் காற்றை வெளியேற்றினேன். ரப்பர் ஹோஸை இரும்புப் பல்லால் நெரிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

பாய் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"இனிமே பிரேக்குல கை வைக்காதே. கிரீஸ் அடி. எப்ப வைக்கலாம்னு நான் சொல்றேன்."

"சரி பாய்."

"அந்த வண்டிய மரத்தடியில விடச் சொன்னது நான். சீட்ல ஏற மாட்டேன்னு அவன் சொன்னப்பக் கேட்டுக்கிட்டு நின்னதும் நான்தான். அதனால உன் தப்பு ஒண்ணும் கொறையாது. ஆனா வாசனைன்னு சொன்னியே, அது எதுலடா சேத்தி?"

ஒன்பதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். 'ஏதோ ஒரு வாசனை இருக்கத்தான் செய்தது' என்று எழுதியிருக்கிறேன். இல்லை. அங்கே ஆட்டு நாற்றமும் டீசல் புகையும்தான் இருந்தன. மருந்துத் தண்ணீர் நினைவு வீட்டுக்கு வந்து அதை எழுதும்போதுதான் வந்தது. கார்டில் என் கையெழுத்து இருந்தது. கூட்டம் என்னைப் பார்த்தது. அவ்வளவுதான்.

ஜூன் 21, சனி

தனக்கோடி சாரிடம் சொன்னேன். பிளையர், பங்க், வாசனை, மூன்றும். எழுதியும் கொடுத்தேன். இந்தத் தடவை 'நான்' என்று ஆரம்பித்து எழுதினேன்.

"அப்ப அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னே?" மரியாதை போய்விட்டது. போகட்டும்.

"நீங்க கேட்டீங்க சார்."

"நான் கேட்டா?"

 சார் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். பிறகு மணிக்கட்டு முறிந்தவர் வீட்டுக்கு முதலில் தன்னோடு வர வேண்டும் என்றார். போனோம். அவர்கள் பேசியதை இங்கே எழுதவில்லை. அடைக்கலராஜ் திங்கட்கிழமையிலிருந்து வண்டிக்கு வரலாம் என்று சார் எனக்கு எதிரிலேயே போன் செய்தார். அந்தப் பக்கம் "சரிங்க சார்" என்பது கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பேராவூரணிக்கு பஸ்ஸில் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை.

லூர்து மேரி அக்காவின் அண்ணன் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். முக்காட்டை எடுக்காமலே வாசலுக்கு வந்தார்.

"யாரு?"

"நவநீதன். பட்டறையிலேர்ந்து வரேன். அண்ணன்கிட்ட வாசனை வந்துச்சுன்னு சொன்னது நான்தான்க்கா."

உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். ஹோஸ், பிளையர் எதையும் விளக்கவில்லை. வண்டியை நான் கெடுத்தேன், அது வெளியே வந்துவிடாமலிருக்க அவர் குடித்தார் என்று சொன்னேன், அவர் குடிக்கவில்லை. மூன்றே வாக்கியம்.

"நீ அவரு பக்கத்துல போனியா அன்னிக்கு?"

"போகலக்கா. பத்தடி தள்ளி நின்னேன்."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே யாரோ தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று நின்றிருந்தேன்.

"அன்னிக்கு ரத்தத்தோட வந்து வாசல்ல நின்னாரு" என்றார். "ஊதிக் காட்டுறேன், பாரு புள்ளன்னாரு. நானுந்தான் பக்கத்துல போகல."